ஏழாம் நாளைத் தாண்டிய காய்ச்சல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில், இரவு ஒன்பது மணியளவில் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. திறந்தால், நனைந்த முந்தானையோடு நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நின்றார். "சாமி, பையனுக்கு அவஸ்தை கொடுக்கணும், கையோட வாங்க" என்றார். நோயில் பூசுதல் என்று மறையுரையில் எத்தனை முறை திருத்திச் சொன்னாலும், இரவு வேளையில் நம் மக்களின் வாயில் வருவது அந்தப் பழைய சொல்தான்.

திருத்தைலத்தை எடுத்துக்கொண்டு விரைந்தோம். பதினேழு வயதுப் பையன். ஞாயிறு திருப்பலியில் பாடற்குழுவினருக்குத் தபேலா வாசிப்பவன். கட்டிலில் முழங்கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தான். நெற்றியில் குளிர்ந்த வேர்வை. கண்கள் குழி விழுந்திருந்தன. சிலுவை வரையக் குனிந்தபோது நமது கை தவறி அவன் வயிற்றில் பட்டது. அலறிவிட்டான். வயிறோ பலகைபோல் இறுகியிருந்தது.

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டோம்.

"பதினெட்டு நாள் சாமி. இன்னிக்குச் சாயந்திரம் காய்ச்சல் விட்டிருச்சு. உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. மாதா காப்பாத்திட்டான்னு நெனச்சோம். அப்புறந்தான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கிறான்" என்றார் தாய்.

பூசுதலைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அவனை ஒரு வாடகைக் காரில் ஏற்றி, அருகிலுள்ள கன்னியர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே மருத்துவராய்ப் பணிபுரியும் அருட்சகோதரி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், தாயிடம் நான்கு கேள்விகள் கேட்டார். "டைபாய்டு. குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. இங்கே அறுவைச் சிகிச்சை செய்ய வசதி இல்லை. இப்பொழுதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று கூறி, தாமே கையோடு கடிதம் எழுதித் தந்தார். அன்றிரவு இரண்டு மணிக்கு அவனுக்கு அறுவை நடந்தது. பையன் பிழைத்தான். இதனை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். வாசகரைத் தவிக்க வைப்பது நமது நோக்கமன்று.

ஆயினும் நாம் தவித்த காரணம் ஒன்றுண்டு. அந்தப் பதினெட்டு நாளில் இரண்டு ஞாயிறுகள் வந்துபோயின. இரண்டாம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதே தாய் நம்மிடம் வந்து, "பையனுக்குக் காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது சாமி, வேண்டிக்கோங்க" என்று கேட்டார். நாமோ, "மழைக்காலம் அல்லவா அம்மா, ஊரெல்லாம் காய்ச்சல்தான், சரியாகிவிடும்" என்று ஆசீர் அளித்து அனுப்பிவிட்டோம். எத்தனை நாளாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து நாள் என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு கேள்வியைக் கேளாது விட்ட குறைதான் இக்கட்டுரையை எழுதவைக்கிறது. அக்குடும்பத்தாரின் இசைவோடு எழுதுகிறோம். ஊரும் பெயரும் வேண்டாம்.

நோயின் பெயரும் அதன் வழியும்

நமது பாட்டிமார் விஷக்காய்ச்சல் என்றும், பாடநூல்கள் நச்சுக்காய்ச்சல் அல்லது குடற்காய்ச்சல் என்றும் கூறுவது இதனைத்தான். டைபாய்டு என்னும் பெயர், புகையையும் அறிவு மங்கிய மயக்கத்தையும் குறிக்கும் டைபோஸ் என்ற கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. குருமடத்தில் கற்ற சிறிதளவு கிரேக்கம் இவ்வாறு எதிர்பாராத இடத்தில் பயன்படுகிறது. நோய் முற்றியவர் கண்ணைத் திறந்தபடியே, புகைமூட்டத்தில் இருப்பவர்போல் பிதற்றுவதைக் கண்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இந்நோய்க்குக் காரணம் சால்மோனெல்லா டைபி என்னும் பாக்டீரியா. கார்ல் எபெர்த் என்பவர் 1880ஆம் ஆண்டு இதனைக் கண்டார். 1884இல் காஃப்கி என்னும் ஜெர்மானியர் அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார். கிருமியை யாரும் காணாத காலத்திலேயே, வில்லியம் பட் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளியின் மலத்திலிருந்துதான் இது பரவுகிறது என்று கிராமங்களில் வீடுவீடாய்க் கவனித்து உணர்ந்து, 1873இல் நூலாகவே எழுதினார். அன்று பெரும்பாலோர் கெட்ட காற்றால் வருகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தனர்.

இக்கிருமியைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இதற்கு மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. இதன் உறவுக் கிருமிகள் சில, கோழியிடமும் முட்டையிடமும் ஆடுமாடுகளிடமும் இருந்து வந்து, உண்டவருக்கு ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள்களுக்குள் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தருவன. டைபாய்டுக் கிருமியோ மாட்டிடமும் இல்லை, கோழியிடமும் இல்லை. ஒருவருக்கு டைபாய்டு வந்ததென்றால், எங்கோ ஒரு மனிதரின் மலத்திலிருந்து வெளிப்பட்ட கிருமி, தண்ணீர் வழியாகவோ, ஈயின் கால் வழியாகவோ, சமைத்தவர் கை வழியாகவோ அவர் வாய்க்குள் சென்றிருக்கிறது என்பதே பொருள். சொல்வதற்கு அருவருப்பாய் இருக்கலாம், உண்மை அதுதான்.

உள்ளே சென்ற கிருமி உடனே தன்னை வெளிக்காட்டிக் கொள்வதில்லை. இரைப்பையின் அமிலத்தைத் தப்பிச் சிறுகுடலை அடைந்து, அதன் சுவரில் உள்ள நிணநீர்த் திட்டுகளில் நுழைகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் ஒளிந்து பெருகுகிறது. இதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். சிலருக்கு மூன்று வாரத்துக்கும் மேல் ஆவதுண்டு. அதுவரை அவர் வேலைக்குப் போவார், பூசைக்கு வருவார், ஒரு குறையும் இராது. பின்னர் கிருமிகள் பெருந்திரளாய் மீண்டும் இரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல் தொடங்குகிறது.

ஆகவே, "நேத்து ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவாலதான் இந்த டைபாய்டு" என்று சொல்லும் கணக்குப் பொருந்தாது. நேற்றைய பரோட்டா நேற்றிரவே தன் வேலையைக் காட்டியிருக்கும். திருவிழா அசனம் உண்ட ஓரிரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வரிசையாய்ப் பலர் வாந்தி எடுத்தார்களானால், அது பெரும்பாலும் சமைத்தவர் கைப்புண்ணிலோ மூக்கிலோ இருந்த வேறொரு பாக்டீரியா, ஆறிப்போன உணவில் நஞ்சைக் கக்கி வைத்ததன் விளைவு. டைபாய்டு அப்படியன்று. யார் வீட்டில், எந்தக் கடையில், எந்தக் குடத்துத் தண்ணீர் என்று நினைவே இல்லாமற்போன பிறகுதான் அது வெளிப்படும்.

மூன்று வாரங்கள்

மருந்து கொடுக்கப்படாத டைபாய்டு, வாரக் கணக்கில் நடப்பது என்று பழைய மருத்துவ நூல்கள் வகுத்துள்ளன. அவ்வகுப்பு இன்றும் பயன் தருவது.

முதல் வாரத்தில் காய்ச்சல் படிக்கட்டில் ஏறுவதுபோல் ஏறும். இன்று மாலை 100 டிகிரி என்றால் நாளை மாலை 101, மறுநாள் 102. காலையில் சிறிது இறங்கி, மாலையில் முந்தின நாளைவிடக் கூடும். காலையில் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் விட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவோர் ஏமாறுவது இங்கேதான். உடன் ஓயாத தலைவலி இருக்கும். உணவைக் கண்டால் வெறுப்பு, உடற்சோர்வு, சிலருக்கு வறட்டு இருமல். அந்த இருமலைக் கண்டு சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடுவதுண்டு. நாக்கின் நடுவில் மாவு பூசினாற்போல் வெண்படலம் படிந்து, ஓரமும் நுனியும் சிவந்திருக்கும். வயிற்றில் மந்தமான வலி தோன்றும். பெரியவர்களுக்கு இக்கட்டத்தில் பேதியைவிட மலச்சிக்கலே அதிகம். குழந்தைகளுக்கு வயிறு இளகிப் போவதுண்டு. குடல் நோய் என்றால் பேதியாகத்தான் வேண்டும் என்று எண்ணுவோர் இதனாலேயே ஐயம் கொள்ளாது விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல் கூடக்கூட நாடித்துடிப்பும் கூடுவது இயல்பு. டைபாய்டில் பலருக்குக் காய்ச்சல் 103 டிகிரி இருக்கும்போதும் நாடி அதற்கேற்ப விரைவதில்லை. அருட்சகோதரி முதலில் நாடியைப் பிடித்ததன் காரணத்தைப் பின்னர் கேட்டபோது இவ்வாறு விளக்கினார். "ஆனால் அந்தப் பையனுக்கு நாடி பறந்தது ஃபாதர். உடல் குளிர்ந்திருக்கிறது, நாடி பறக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது" என்றார்.

இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் 103, 104 டிகிரியில் இறங்காமல் நிற்கும். வயிறு உப்பும், மண்ணீரல் வீங்கும். மார்பிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் சில தோன்றும் என்று நூல்கள் கூறும். நமது மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அவை தெரிவது அரிது, அவற்றைத் தேடிப் பயனில்லை. நோயாளி தூங்கி விழுவார். போர்வையை விரல்களால் பிய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பார். "பேய் பிடித்திருக்கிறது, மந்திரியுங்கள் சாமி" என்று அழைக்கப்பட்டு, நமது குருத்துவ வாழ்வின் தொடக்கத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றதுண்டு. அங்கே கண்டது பேயன்று, இந்தக் காய்ச்சலே.

மூன்றாம் வாரம் ஆபத்தின் வாரம். கிருமி முதன்முதல் நுழைந்த அதே குடல் திட்டுகள் புண்ணாகி, அரித்துக்கொண்டே போய், இரத்தக் குழாயை அறுத்தால் மலம் கறுத்தோ இரத்தமாகவோ போகும். குடற்சுவரையே துளைத்துவிட்டால், குடலில் உள்ளதெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டும். அப்போது தோன்றும் குறிகளை எல்லா வீடுகளிலும் அறிந்திருக்க வேண்டும். திடீரென்று பொறுக்க முடியாத வயிற்றுவலி, தொட முடியாதபடி இறுகிய வயிறு, காய்ச்சல் சட்டென்று இறங்கி உடல் குளிர்தல், விரைந்தோடும் நாடி, குளிர்ந்த வேர்வை. நீண்ட நாள் எரிந்த காய்ச்சல் இவற்றோடு சேர்ந்து இறங்குமானால் அது குணமாதல் அன்று. அந்த மணி நேரத்திலேயே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்தத் தாயின் வீட்டில் நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். நான்கு நாளாய்ப் பேரனுக்கு வயிறு போகவில்லை என்று, பதினாறாம் நாள் பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தார். அன்போடுதான் கொடுத்தார். ஓட்டை விழுந்தது அதனாலா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நாள்பட்ட காய்ச்சலில் பேதிமருந்தோ எனிமாவோ கொடுக்கக் கூடாது, புண்பட்ட குடல் அதனைத் தாங்காது என்று மருத்துவர்கள் ஒருமனதாய் எச்சரிக்கின்றனர்.

நிற்க. மேலே சொன்ன படிக்கட்டுக் கணக்கு இன்று பலரிடம் அப்படியே காணப்படுவதில்லை. காரணம், இரண்டாம் நாளே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. அரைகுறை மருந்து நோயைப் போக்காமல் அதன் முகத்தை மட்டும் மறைத்துவிடுகிறது. பையனும் கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கி உண்டான், காய்ச்சல் சற்றுத் தணிந்தது, நிறுத்தினான், மீண்டும் ஏறியது, வேறு மாத்திரை வாங்கினான்.

எந்தச் சோதனை, எந்த மருந்து

நமது நாட்டில் டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவையும் தொடக்கத்தில் இதே வேடத்தில் வருவன. முகத்தைப் பார்த்து இன்ன காய்ச்சல் என்று கூற மருத்துவராலும் இயலாது. மூன்று நாள் கடந்த எந்தக் காய்ச்சலுக்கும் மருத்துவரைக் காண்பதும், ஏழு நாளைத் தாண்டியதற்கு இரத்தப் பரிசோதனையின்றி மருந்து உண்ணாதிருப்பதும் நன்று.

டைபாய்டுக்கு உறுதியான சோதனை, இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. முதல் வாரத்தில், மருந்து தொடங்குமுன் எடுத்தால் பலன் அதிகம். முடிவு வரச் சில நாளாகும். மலிவாகவும் விரைவாகவும் கிடைப்பது விடால் சோதனை. பிரெஞ்சு மருத்துவர் விடால் 1896இல் வகுத்தது. கிருமியை அது காட்டுவதில்லை. கிருமிக்கு எதிராய் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. முதல் வாரத்தில் நோய் இருந்தும் இல்லை எனலாம். என்றோ வந்துபோன நோயையோ வேறொரு காய்ச்சலையோ கண்டு, இருக்கிறது எனவும் கூறலாம். நமது பங்கில் ஓர் ஆசிரியர் ஒரே ஆண்டில் நான்குமுறை டைபாய்டு வந்ததாய் நான்கு சீட்டுகளைக் காட்டினார். நான்கும் விடால் சீட்டுகள். அவருக்கு உண்மையில் டைபாய்டு வந்ததா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

முற்காலத்தில் இந்நோய் கண்ட நூறுபேரில் பத்திலிருந்து இருபதுபேர் மாண்டனர். விமானத்தைக் கண்டுபிடித்த சகோதரர்களுள் மூத்தவரான வில்பர் ரைட் 1912இல் இதற்கே இரையானார். இயேசு சபைக் குருவும் கவிஞருமான ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் 1889இல் டப்ளினில் மறைந்ததும் இதனால்தான். வயது நாற்பத்து நான்கு. 1948இல் குளோரம்பெனிக்கால் பயனுக்கு வந்தபின் நிலை மாறியது. தக்க மருந்து தக்க வேளையில் கிடைத்தால் இறப்போர் இன்று நூற்றுக்கு ஒருவர் அளவே. அப்படியிருந்தும், 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 90 இலட்சம் பேர் இந்நோயுற்று, 1,10,000 பேர் மாண்டதாய் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கிருமியோ மருந்துகளைப் பழகிக்கொள்கிறது. குளோரம்பெனிக்காலுக்கு அடங்காத வகை 1980களின் இறுதியிலேயே நம் நாட்டில் பரவிற்று. அடுத்து வந்த சிப்ரோபிளாக்சசின் வகை மாத்திரைகளும் இங்கே பெரிதும் வலுவிழந்துவிட்டன. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தோன்றிய வகை, ஊசியாய்ப் போடும் செப்ட்ரையாக்சோனுக்கும் அடங்கவில்லை. அசித்ரோமைசின் போன்ற ஓரிரு மருந்துகளே அதற்கு எஞ்சின. அண்டை வீட்டார் உண்டு குணமான மாத்திரைச் சீட்டைக் கடன் வாங்கிக்கொண்டு கடைக்குச் செல்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரியான மருந்து தொடங்கிய பின்னும் காய்ச்சல் விட நான்கைந்து நாளாகும். சிலருக்கு ஒரு வாரமும் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று மறுநாளே வைத்தியரை மாற்ற வேண்டாம். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். குணமானவருள் சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்புவதுண்டு. உணவைப் பொறுத்தமட்டில், பட்டினி போடும் பழைய முறை தவறு. குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, வேகவைத்த முட்டை, இளநீர் எனச் சிறிது சிறிதாய்ப் பலமுறை கொடுப்பதே சரி.

ஒரு சமையற்காரியின் கதை

அயர்லாந்தில் 1869இல் பிறந்த மேரி மாலன் என்னும் பெண், இளமையிலேயே அமெரிக்காவுக்குக் குடியேறி, நியூயார்க் நகரச் செல்வர்களின் வீடுகளில் சமையற்காரியாய் இருந்தார். கைப்பக்குவம் மிக்கவர். 1906ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு வீட்டில் பதினொருவர் தங்கியிருக்க, அறுவருக்கு டைபாய்டு கண்டது. காரணம் தேட அமர்த்தப்பட்ட ஜார்ஜ் சோப்பர் என்னும் பொறியாளர் தண்ணீரைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. நோய் தோன்றுவதற்குச் சில வாரம் முன்பு புதிய சமையற்காரி வந்தாள் என்ற செய்தி மட்டும் கிடைத்தது. அவர் முன்பு வேலை செய்த வீடுகளை விசாரித்துச் சென்றால், ஒவ்வொன்றாய் அங்கும் டைபாய்டு.

மேரிக்கோ ஒரு நோயும் இல்லை. மலத்தைச் சோதிக்கத் தரவேண்டும் என்று சோப்பர் கேட்டபோது, இறைச்சி குத்தும் முள்ளை எடுத்துக்கொண்டு விரட்டினார். நோயற்ற தம்மை நோய்க்குக் காரணம் என்று ஒரு அந்நியன் சொன்னால் யார்தான் விரட்டமாட்டார்! 1907இல் காவலரைக் கொண்டு பிடித்துச் சென்று சோதித்தார்கள். மலத்தில் கிருமி நிறைந்திருந்தது. நகருக்கு அருகிலிருந்த தீவொன்றில் அடைத்தார்கள். சமையல் வேலை செய்வதில்லை என்ற உறுதிமொழியின்பேரில் 1910இல் விடுதலை. வேறு வேலையில் வயிறு நிறையவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்கே போனார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் இருபத்தைந்து பேருக்கு நோய் கண்டு இருவர் இறந்தபோது, சமையலறையில் இருந்தவர் அவரே. மீண்டும் அதே தீவு. 1938இல் அங்கேயே இறந்து, பிராங்க்ஸ் பகுதியில் உள்ள புனித ரேமண்ட் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரைப்போல் கிருமி சுமந்த வேறு பலர் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டும், ஏழையும் தனியாளுமான அவருக்கே இருபத்தாறு ஆண்டுச் சிறை வாய்த்தது. அதனை நீதி என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

கொதிக்கக் கொதிக்கச் சமைத்த உணவில் கிருமி எப்படித் தங்கும் என்று இல்லத்தரசியர் கேட்பது நியாயம். தங்காது. கொதியில் அது செத்துவிடும். மேரியின் புகழ்பெற்ற பண்டம் ஐஸ்கிரீம். பச்சைப் பீச்சுப் பழத்தை நறுக்கிப் போட்டது. அடுப்பில் ஏறாத உணவு. குளிர் இக்கிருமியைக் கொல்வதில்லை. ஐஸ்கட்டியிலும் அது உயிரோடு கிடக்கும். மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துச் சர்பத்திலும் மோரிலும் போடும் வழக்கம் நமது திருவிழாக் கடைகளில் உண்டு. நாமும் பல ஆண்டுகள் அதனைக் கொடியேற்றத்தன்று நன்றாகவே குடித்திருக்கிறோம்.

டைபாய்டு வந்து குணமானவருள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர், ஓராண்டுக்குப் பின்னும் பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டிருப்பார்கள். பெண்களிடமும், பித்தப்பையில் கல் உள்ளவரிடமும் இது மிகுதி. அவர்களுக்கு ஒரு வலியும் இராது. மலம் கழித்தபின் சோப்பிட்டுக் கழுவாத கை, பின்னர் எதைத் தொடுகிறதோ அங்கே கிருமி செல்லும்.

பாட்டியின் உருண்டை

பையன் இருபத்திரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினான். அருட்சகோதரி அத்தோடு விடவில்லை. வீட்டிற்கே வந்து, கிணற்றைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், "சமையல் யார்?" என்றார். பாட்டிதான். அவருக்குத் திருமணமான புதிதில் விஷக்காய்ச்சல் வந்து நாற்பது நாள் கிடந்ததும், சில ஆண்டு முன்பு வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்துப் பித்தப்பையில் கல் என்று சொன்னதும் பேச்சுவாக்கில் வெளிவந்தன. முந்தின ஆண்டு மகள் வயிற்றுப் பேத்தி இருவர் விடுமுறைக்கு வந்து திரும்பிய பின் காய்ச்சலில் படுத்ததையும் தாய் நினைவுகூர்ந்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிறு தோறும் மீன்குழம்பு வைத்த மண்சட்டியில் மிஞ்சிய சோற்றைப் போட்டுப் பிசைந்து, பேரப்பிள்ளைகளை வட்டமாய் உட்காரவைத்து, பாட்டி ஆளுக்கோர் உருண்டை கையில் வைப்பார். குழம்பு கொதித்ததுதான். கை கொதித்ததன்று.

மலச் சோதனையில் இரண்டுமுறையும் கிருமி இருந்தது. பேரனுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று அறுதியிட முடியாது, வேறு வழியிலும் வந்திருக்கலாம் என்று அருட்சகோதரி பலமுறை எடுத்துச் சொன்னார். பாட்டி கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் உண்ணவில்லை. "என் கையாலயா சாமி?" என்று நம்மிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒப்புரவு அருட்சாதனம் வேண்டும் என்றார். அறியாமல் நேர்ந்தது பாவமாகாது என்று மறைக்கல்வியில் குழந்தைக்குச் சொல்வதைச் சொன்னோம். அவருக்கு அது போதவில்லை. அருகில் அமர்ந்திருந்தோம், அவ்வளவே. வீட்டில் மருமகள் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அதை இங்கே எழுதியாக வேண்டும்.

நான்கு வாரம் மாத்திரை கொடுத்து, பின்னர் பித்தப்பையையும் அறுவை செய்து அகற்றினார்கள். மாதம் ஒருமுறையாய் மூன்று சோதனையிலும் கிருமி இல்லை என்று வரும்வரை அடுப்படிக்குச் செல்லக் கூடாது என்பது கட்டளை. வீட்டிலிருந்த மற்ற குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற, ஐதராபாத்தில் தயாராகும் புதுவகை ஊசி அது. ஆறு மாதக் குழந்தைக்கும் போடலாம், ஒருமுறை போதும். முன்பிருந்த ஊசியை இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் போட இயலாதிருந்தது. ஊசி போட்டாயிற்றென்று கைகழுவுவதை விடலாகாது; அது முற்றுமுழுதான காப்பு அன்று.

நமது கோவிலிலும் சில மாற்றங்களைச் செய்தோம். முற்றத்தில் வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் எல்லோரும் ஒரே குவளையைக் கைவிட்டு முக்கும் வழக்கத்தை நிறுத்தி, குழாய் வைத்த தொட்டியை அமைத்து, காய்ச்சி ஆறிய நீரை நிரப்புகிறோம். கழிவறை வாசலில் சோப்பு வைத்தோம். முதல் மாதம் நான்கு களவு போயிற்று, ஐந்தாவதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அசனத்தன்று பரிமாற வருவோரை, கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சலோ பேதியோ இருந்ததா என்று கேட்டே அனுமதிக்கிறோம். சோறு போடுவதற்கு அகப்பை, கை கூடாது. இதைக் கேட்டு முகம் சுளித்த பெரியவர் ஒருவர், அடுத்த ஆண்டு தாமே அகப்பைகளை வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் சோதனையின் முடிவு வந்த வாரத்தில் அவ்வீட்டிற்குச் சென்றோம். அடுப்படியில் மருமகள் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். நிலைப்படிக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு, பாட்டி அங்கிருந்தபடியே, "புளி இன்னும் கொஞ்சம் ஊத்து, உப்பைப் பிறகு போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இனி நீங்களே உள்ளே போகலாமே அம்மா, சிஸ்டர் சொல்லிவிட்டார்களே" என்றோம். அவர் எழுந்திருக்கவில்லை. பையன்தான் மீன்சட்டியைக் கொண்டுவந்து அவர் மடிக்கு முன்னே வைத்து, சோப்பையும் செம்புத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.